வூ-டாங் கிளானின் முதல் ஆல்பம்: ஒன்பது பேரும் ஒரே மைக்கும்

தண்டவாளம் (இழை தொடக்கம்)

இந்தப் பகுதியில் நியூயார்க் ராப் குழுவான வூ-டாங் கிளான் பற்றிய பேச்சு வராத வாரமே கிடையாது. ஆனால் எங்கே ஆரம்பித்தாலும் குழுவின் தயாரிப்பாளர் ரிஸாவின் பீட் (பின்னணி இசை), குங்ஃபூ பட வசனம், மஞ்சள் சின்னம் என்ற மூன்றிலேயே போய் முட்டிக்கொண்டு நிற்கிறோம். 1993 நவம்பர் 9 அன்று வந்த 'என்டர் த வூ-டாங் (36 சேம்பர்ஸ்)' ஆல்பத்துக்கென்று தனியாக ஒரு இழை இருக்கட்டும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆல்பத்தில் என்னைப் பிடித்து உலுக்குவது வரிசைதான். யார் முதலில் வருகிறார், யாருக்குப் பின்னால் யார், யாருக்கு எத்தனை வரி என்கிற கணக்கு. ரிஸா, ஜிஸா, ஓல் டர்ட்டி பாஸ்டர்ட், மெத்தட் மேன், ரேக்வான், கோஸ்ட்ஃபேஸ் கில்லா, இன்ஸ்பெக்டா டெக், யூ-காட், மாஸ்டா கில்லா என்று ஒன்பது பேர். முதல் தடவை கேட்பவருக்கு இந்தப் பெயர்கள் ஒன்றும் தெரியாது. ஆனால் ஆல்பம் முடியும்போது 'அந்த அழுதுகொண்டே பாடுகிற ஆள்', 'அந்தப் புகை பிடித்த குரல்', 'அந்தப் பதற்றக்காரன்' என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக மனசில் உட்கார்ந்திருப்பார்கள்.

'புரொடெக்ட் யா நெக்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். லேபிள் எதுவும் இல்லாத நேரத்தில், 1992 கடைசியில் தாங்களே வெளியிட்ட சிங்கிள். மாஸ்டா கில்லா தவிர எட்டுப் பேரும் இருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் ஹுக் என்று எதுவும் கிடையாது. டெக் தொடங்குகிறார், மூச்சுவிடாமல், அசைக்கு மேல் அசை அடுக்கி. ரேக்வான் அதைத் துண்டு துண்டாக நறுக்குகிறார். மெத்தட் மேன் வந்ததும் பாட்டு விளையாட ஆரம்பிக்கிறது, பேச்சுக்கும் ராகத்துக்கும் நடுவில் எங்கேயோ ஊஞ்சலாடுகிறார். யூ-காட் சில வரிகளோடு போய்விடுகிறார், அந்த அடிக்குரல் மட்டும் காதில் நிற்கும். பிறகு ஓல் டர்ட்டி, தாளத்துக்கு நான் கட்டுப்பட்டவன் இல்லை என்பது போல. கோஸ்ட்ஃபேஸ், ரிஸா இரண்டு பேரும் சூட்டை ஏற்றிக்கொண்டே போகிறார்கள்.

கடைசியில் ஜிஸா. ஏழு பேர் கொதித்த பிறகு ஒருவர் குரலை உயர்த்தாமல், நிதானமாக, ரெக்கார்ட் கம்பெனிக்காரர்களை வெட்டுகிறார். அவருடைய தனி ஆல்பம் 1991-லேயே கோல்ட் சில்லின் லேபிளில் வந்து கவனிக்கப்படாமல் போனது. அந்தக் கோபம் முழுக்க அந்த வெர்ஸில் (அவர் பாடும் பகுதியில்) இருக்கிறது. அதே வெர்ஸை மூன்றாவதாக வைத்திருந்தால் அது ஒரு புலம்பல். எட்டாவதாக வைத்ததால் தீர்ப்பு.

உங்களுக்கு எந்தப் பாட்டில் இந்த வரிசை நன்றாகக் கேட்கிறது? பிடிக்காதவர்களும் எழுதுங்கள்.

---

நீலக்குயில்82

பிடிக்காத ஆளாக நானே வருகிறேன். பலமுறை முயன்றுவிட்டேன், ஒட்டவில்லை. ஒலி எனக்குத் தடையாக இருக்கிறது. டிரம்ஸ் ஏதோ பெட்டிக்குள்ளிருந்து வருகிறது, பின்னால் பழைய ரெக்கார்டின் கீறல் சத்தம், குரல்கள் சில இடத்தில் உடைகின்றன. அதே 1993 நவம்பர் 9 அன்றுதான் எ ட்ரைப் கால்டு க்வெஸ்ட் என்ற இன்னொரு ராப் குழுவின் 'மிட்நைட் மரோடர்ஸ்' ஆல்பம் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அதில் பேஸ் எவ்வளவு வட்டமாக, சுத்தமாக உட்கார்ந்திருக்கிறது! காசும் கருவியும் இல்லாததைப் பெரிய அழகியல் தேர்வாக நாம் பின்னாலிருந்து ஏற்றிச் சொல்கிறோமோ என்பது என் கேள்வி.

---

ஒலிக்கூடம்

நீலக்குயில், நல்ல கேள்வி. மிக்ஸிங் வேலை பார்ப்பவள் என்பதால் கொஞ்சம் நீட்டமாகவே பதில் சொல்கிறேன்.

காசு இல்லாதது உண்மை. புரூக்ளினில் இருந்த ஃபயர்ஹவுஸ் ஸ்டுடியோ ஆடம்பரமான இடம் இல்லை. ரிஸாவின் முக்கியக் கருவி என்சோனிக் ஈபிஎஸ்-16 பிளஸ் சாம்ப்ளர் (பழைய ரெக்கார்டிலிருந்து ஒலித் துண்டு, அதாவது சாம்பிள், எடுத்து மறுபடி ஓட்டும் கருவி), கூட ஈமு எஸ்பி-1200. எஸ்பி-1200 பற்றித் தெரியாதவர்களுக்கு: 12 பிட், 26 கிலோஹெர்ட்ஸ், மொத்தமாகப் பத்து விநாடி சாம்பிள்தான் அதற்குள் கொள்ளும். அந்தப் பத்து விநாடிக்குள் டிரம்ஸ், பேஸ், பியானோ எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். அதனால் அந்தக் காலத்தில் 33 வேகத்து ரெக்கார்டை 45-இல் ஓட்டி, வேகமாகச் சாம்பிள் எடுத்து, பிறகு கருவிக்குள் சுருதியை இறக்குவார்கள். இடம் மிச்சமாகும். ஆனால் இறக்கும்போது மேல் ஸ்தாயி மங்கி, ஒரு மணல் சத்தம் ஏறிக்கொள்ளும். நீங்கள் சொல்லும் அந்தப் 'பெட்டிக்குள்' உணர்வு பெரும்பாலும் இதுதான்.

இவ்வளவு தூரம் உங்கள் பக்கம். ஆனால் ட்ரைப்பும் ஏறக்குறைய இதே வகைக் கருவிகளோடு வேலை பார்த்தவர்கள்தான். அவர்களுக்கு பாப் பவர் மாதிரி ஒரு இன்ஜினியர் உட்கார்ந்து ஒவ்வொரு சத்தத்தையும் துடைத்து இடம் பார்த்து வைத்தார். ரிஸா துடைக்கவில்லை. 'பிரிங் த ரக்கஸ்' தொடக்கத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஸ்னேர் டிரம் அடிக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் இருக்கும், சிமெண்ட் மாடிப்படியில் கதவை அறைந்த மாதிரி. பேஸ் பெரும்பாலும் ஒதுங்கியே நிற்கும். குரலுக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் எதுவும் இல்லை. இத்தனை குரல்கள் மாறி மாறி வரும் பாட்டில் பின்னணியை நிரப்பினால் குரல்களின் வித்தியாசம் கரைந்துவிடும். தண்டவாளம் சொல்கிற வரிசை கேட்க வேண்டுமென்றால் இந்தக் காலி இடம் வேண்டும்.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. 1995-இல் ஜிஸாவின் 'லிக்விட் சோர்ட்ஸ்' வந்தபோது ரிஸாவிடம் காசும் இருந்தது, பெயரும் இருந்தது. அப்போதும் துடைக்கவில்லை. வேண்டாம் என்றுதான் விட்டிருக்கிறார்.

---

நீலக்குயில்82

அந்த ஸ்னேர் விஷயத்தை இப்போது போட்டுக் கேட்டேன். நீங்கள் சொன்ன காலி இடம் கேட்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 'செவன்த் சேம்பர்' பாட்டில் குரல் உடைவது எனக்கு உடைவதாகவே படுகிறது. அங்கே நான் மாறமாட்டேன்.

---

ஒலிக்கூடம்

உடைகிறது, சரிதான். அதை நான் மறுக்கவே இல்லை.

---

ஸ்காபரோ வாசகன்

ஒலியைப் பற்றிக் கதைக்கேக்க அந்த இடத்தைப் பற்றியும் கதைக்க வேணும். ஸ்டாட்டன் ஐலண்ட் நியூயோர்க்கின்ர ஐந்து பகுதிகளில ஒண்டு, ஆனால் சப்வே அங்க போகாது. மன்ஹாட்டனில இருந்து கனபேர் ஃபெரி எடுத்துத்தான் போறவை. முழு நகரத்தின்ர குப்பையும் ஃப்ரெஷ் கில்ஸ் எண்ட இடத்தில அங்கதான் கொட்டினவை. புரொங்க்ஸுக்கு ஹிப்ஹொப்பின்ர பிறப்பிடம் எண்ட பேர், குவீன்ஸுக்கு ரன்-டிஎம்சி எண்ட ராப் குழு, புரூக்ளினுக்குப் பெரிய பட்டியல். ஸ்டாட்டன் ஐலண்டுக்கு ஒண்டும் இல்லை.

ஒரு விசயம் பலருக்குத் தெரியாது. இந்த ஆல்பம் வாறதுக்குச் சரியா ஒரு கிழமைக்கு முதல், 1993 நவம்பர் 2 அன்று, ஸ்டாட்டன் ஐலண்ட் மக்கள் நியூயோர்க் நகரத்தில இருந்து பிரிஞ்சு போகலாமா எண்டு வாக்குப் போட்டவை. மூண்டில இரண்டு பங்குக்குக் கிட்ட 'பிரிவம்' எண்டு சொன்னவை. பிறகு மாநிலத் தலைநகர் அல்பனியில அது நிண்டு போச்சு. அந்தப் பிரிவினைக் குரல் பெரும்பாலும் வெள்ளை நடுத்தர வர்க்கத்தின்ர குரல். அதே தீவில பார்க் ஹில், ஸ்டேப்பில்டன் குடியிருப்புகளில இருந்த கறுப்புப் பெடியள் அதே கிழமையில அந்தத் தீவுக்கு 'ஷாவோலின்' எண்டு வேறொரு பேர் வச்சு உலகத்துக்கு அறிவிக்கினம். ஒரே நிலத்துக்கு இரண்டு விதமான தனிநாடு. எனக்கு இந்த ஆல்பத்தின்ர அரசியல் இதுக்குள்ளதான் இருக்கு.

குங்ஃபூவும் சும்மா அலங்காரம் இல்லை. மன்ஹாட்டன் 42-ம் தெரு மலிவுத் தியேட்டர்களில ரிஸாவும் அவற்ற மச்சான் முறையான ஓல் டர்ட்டியும் பார்த்த படங்கள் அவை. ஆல்பத்தில வாற வசனங்களில கனக்க 1983-ல வந்த 'ஷாவோலின் அண்ட் வூ டாங்' படத்தில இருந்து எடுத்தது. '36 சேம்பர்ஸ்' எண்டது 1978-ல லாவ் கார்-லியுங் எடுத்த படத்தின்ர பேரில இருந்து வந்தது. அந்தப் படத்தில கதாநாயகன் சண்டை பிடிக்கிறது குறைவு. தண்ணி சுமக்கிறான், சமநிலை பழகுறான், ஒவ்வொரு அறையாத் தாண்டுறான். பயிற்சிதான் கதை.

பிறகு இவை ஒருத்தரை ஒருத்தர் 'காட்', அதாவது கடவுள், எண்டு கூப்பிடுறது. அது 1964-ல ஹார்லெமில க்ளாரன்ஸ் 13எக்ஸ் தொடங்கின ஃபைவ் பேர்சென்ட் நேஷன் இயக்கத்தின்ர வழக்கு. எண்களுக்குப் பொருள் சொல்லுறதும் அங்க இருந்துதான். ஒன்பது பேர், ஒவ்வொருத்தருக்கும் இதயத்தில நாலு அறை, மொத்தம் முப்பத்தாறு எண்டு இவை சொன்ன கணக்கு அந்தப் பழக்கத்தில வந்தது.

---

தண்டவாளம்

அந்த வாக்கெடுப்புத் தேதி எனக்குப் புதுசு. நன்றி. நகரமே கணக்கில் எடுக்காத ஒரு பகுதி என்பது தெரியும். ஆனால் அதே வாரத்தில் அப்படி ஒரு வாக்கெடுப்பு நடந்தது என்பது ஆல்பத்தின் திமிரை வேறு மாதிரி கேட்க வைக்கிறது.

---

கரிசல் காற்று

வரிசை பற்றி ஒன்று. தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவன் நான். கூத்தில் முக்கிய வேடம் சும்மா நடந்து வந்து நிற்காது. திரை பிடிப்பார்கள், உள்ளிருந்து குரல் கேட்கும், வேடம் தான் யார், என்ன வல்லமை என்று பாடி ஆடித்தான் வெளிப்படும். அதற்குப் பிறகுதான் கதை. வூ-டாங் ஆல்பத்தின் முதல் பாதி எனக்கு அப்படித்தான் கேட்கிறது. 'மெத்தட் மேன்' பாட்டில் தன் பெயரை எழுத்துக்கூட்டியே ஹுக் ஆக்குகிறார். 'கேன் இட் பி ஆல் ஸோ சிம்பிள்' முடிந்ததும் ஒரு ரேடியோ பேட்டி வருகிறதே, அதில் ஒவ்வொருவரும் எப்படிப்பட்ட ஆள் என்று ஒருவர் சொல்லிக்கொண்டே போவார். ஆல்பத்தின் நடுவில் நின்று ஆட்களை அறிமுகம் செய்வது எந்த லேபிள்காரனும் ஒத்துக்கொள்கிற வேலை இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வரும் பாட்டுகளை நாம் தெரிந்தவர்கள் பாடுவதாகக் கேட்கிறோம்.

---

மணிமாலை

இதுவரை எழுதிய எல்லாரும் கைவினையைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். உள்ளடக்கத்தையும் பேச வேண்டும்.

'மெத்தட் மேன்' பாட்டுக்கு முன்னால் ஒரு உரையாடல் வருகிறது. ரேக்வானும் மெத்தட் மேனும் ஒருவரை ஒருவர் எப்படியெல்லாம் சித்திரவதை செய்யலாம் என்று போட்டி போட்டுச் சொல்கிறார்கள், சிரித்துக்கொண்டே. எனக்கு அது கேட்க முடியவில்லை. ஆல்பம் முழுக்கப் பெண்கள் ஆட்களாக வருவதே இல்லை. வந்தால் வசையாக வருகிறார்கள். 'அந்தச் சூழலின் உண்மை' என்ற பதிலோடு இதைத் தாண்டிப் போவது எனக்குச் சம்மதமில்லை. அதே சூழலில் பெண்களும்தானே வாழ்ந்தார்கள்?

ஆனால் நான் இந்த ஆல்பத்தை விடவும் இல்லை. காரணம் 'க்ரீம்'. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

காசுதான் எல்லாவற்றையும் ஆள்கிறது என்ற ஹுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு டி-ஷர்ட்டிலும் ரீல்ஸிலும் பணப் பெருமைப் பாட்டாக ஆக்கிவிட்டார்கள். வெர்ஸைக் கேட்டவர்கள் அப்படி ஆக்க முடியாது. ரேக்வான் சொல்வது ஒரு சிறுவன் எப்படிப் படிப்படியாகத் திருட்டுக்கும் போதை விற்பனைக்கும் போனான் என்ற கணக்கு. அதன்பின் டெக் வருகிறார். இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் ஒருவர், பதினைந்து வயதில் சிறைக்குப் போனதை, வெளியே வந்தும் உலகம் இன்னொரு சிறை அறையாகவே இருந்ததைச் சொல்கிறார். அங்கேயும் நிற்கவில்லை. தன்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லி அடுத்த தலைமுறைப் பையன்களிடம் பேசிப் பார்க்கிறார். அவர்கள் கேட்கவில்லை. குடித்துக்கொண்டு, புகைத்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். அதற்கு மேல் அவரிடம் சொல்ல ஒன்றும் இல்லை, மறுபடி அந்த ஹுக் வருகிறது. இப்போது அது பெருமையாகக் கேட்காது.

கீழே ஓடும் அந்தப் பியானோவும் முக்கியம். தி சார்மெல்ஸ் என்ற பெண்கள் குழு 1967-இல் பாடிய ஒரு காதல் பாட்டின் தொடக்கம் அது. ஐசக் ஹேய்ஸும் டேவிட் போர்ட்டரும் எழுதியது. நீ இருந்தால் எனக்குப் போதும் என்பது அந்தப் பாட்டின் சாரம். எதுவுமே போதாத வாழ்க்கையைச் சொல்லும் பாட்டுக்கு அதை அடியில் வைத்திருக்கிறார்கள். அதே மாதிரி 'டியர்ஸ்' பாட்டின் அடியில் ஓடுவது வெண்டி ரீன் 1964-இல் பாடிய பாட்டு. பெண்களே இல்லாத ஆல்பம் என்று சொன்னேனே, அதன் துக்கம் முழுவதையும் பெண் குரல்கள்தான் தாங்குகின்றன. 'கேன் இட் பி ஆல் ஸோ சிம்பிள்' பாட்டில் கேட்கும் கிளாடிஸ் நைட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

தண்டவாளம்

மணிமாலை, நான் இத்தனை காலம் கேட்டும் இந்தக் கடைசி விஷயம் எனக்குத் தோன்றியதில்லை. 'டியர்ஸ்' பாட்டில் ரிஸாவின் வெர்ஸ், தம்பியைக் கடைக்கு ரொட்டி வாங்க அனுப்புகிறார்கள், அவன் சுடப்படுகிறான். அந்தக் கதைக்கு நடுவில் வெண்டி ரீன் திரும்பத் திரும்பச் சிரிப்புக்குப் பின் அழுகை என்று பாடும்போது, ரிஸா அழவேண்டிய அழுகையை அவர்தான் அழுகிறார்.

பெண்கள் மீதான வசை பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை.

---

ஸ்காபரோ வாசகன்

மணிமாலை சொன்ன வன்முறைக்கு ஒரு சிறு சேர்ப்பு. 'செவன்த் சேம்பர்' தொடக்கத்தைக் கவனியுங்கோ. காலமை. ரேக்வான் மெத்தட் மேனிட்டத் தன்ர ஒரு வீடியோ கசெட் எங்க எண்டு கேட்டுச் சண்டை பிடிக்கிறார். ஜோன் வூவின்ர 'த கில்லர்' படம். சின்னப் பெடியள் மாதிரி இழுபறி. அந்த நேரம் ஒருத்தர் ஓடி வந்து தங்கட சிநேகிதன் ஒருத்தன் சுடப்பட்டுக் கிடக்கிறான் எண்டு சொல்லுறார். ஒரு நிமிசம் குழப்பம், கேள்வி மேல கேள்வி. உடன பாட்டு. துப்பாக்கிப் படத்தின்ர கசெட்டுக்குச் சண்டை பிடிச்சு முடியிறதுக்குள்ள துப்பாக்கி வாசலுக்கு வந்திட்டுது. இதை ஆரும் பாடமா நடத்தேல்ல. அப்பிடியே வச்சிட்டுப் போயினம்.

---

தீப்பெட்டி

அண்ணன்மாரே அக்காமாரே, நான் இங்க புதுசு. வியாசர்பாடி. நாங்க அஞ்சு பேரு சேர்ந்து ராப் பண்றோம், முதல் ஆல்பம் வேலை ஓடிட்டு இருக்கு. எட்டு டிராக் ரெடி. ஒருத்தன் பீட் போடுறான், நாலு பேர் எழுதுறோம். இப்ப எங்களுக்குள்ள பெரிய பிரச்சினையே நீங்க பேசுறதுதான். எல்லா பாட்டுலயும் எல்லாருக்கும் பதினாறு வரி வேணும்னு நிக்கிறாங்க. பாட்டு அஞ்சரை நிமிஷம் போகுது, கேக்குறவன் பாதியில ஸ்கிப் பண்றான். வூ-டாங்ல ஒன்பது பேரை எப்படிச் சமாளிச்சாங்க? அப்புறம் காசு, பேர் எல்லாம் எப்படிப் பிரிச்சாங்க? நெஜமா கேக்குறேன், எங்களுக்கு இது முடிவு பண்ணியே ஆகணும்.

---

தண்டவாளம்

தம்பி, முதல் கேள்விக்கு. அவர்கள் சமமாகப் பிரிக்கவே இல்லை. ரிஸா ஒரு பீட்டைப் போடுவார், ஆட்கள் அதற்கு எழுதிப் பாடிக் காட்டுவார்கள், எது நிற்கிறதோ அது உள்ளே போகும். 'கிளான் இன் டா ஃப்ரன்ட்' பாட்டை ஏறக்குறைய முழுசாக ஜிஸாவுக்கே கொடுத்துவிட்டார்கள். 'க்ரீம்' இரண்டே வெர்ஸ். அது முதலில் 'லைஃப்ஸ்டைல்ஸ் ஆஃப் த மெகா-ரிச்' என்ற பெயரில் இதைவிட நீளமான பாட்டாக இருந்தது. வெட்டினார்கள், மெத்தட் மேன் ஹுக் வந்தது, இன்றைக்கு நாம் கேட்கிற பாட்டு ஆனது.

மாஸ்டா கில்லா ஆல்பம் முழுக்க ஒரே ஒரு வெர்ஸ்தான் பாடுகிறார், 'டா மிஸ்டரி ஆஃப் செஸ்பாக்ஸின்' கடைசியில். அந்த இடத்துக்கு அவருக்கும் குழுவோடு நெருக்கமாக இருந்த கில்லா ப்ரீஸ்ட் என்ற ராப்பருக்கும் போட்டி இருந்ததாகவும், ப்ரீஸ்ட் தூங்கிப்போன இரவில் மாஸ்டா கில்லா விடிய விடிய உட்கார்ந்து எழுதியதாகவும் ப்ரீஸ்டே பின்னால் சொல்லியிருக்கிறார். யூ-காட் ஆல்பம் உருவான காலத்தில் பெரும்பாலும் சிறையில் இருந்தார், அதனால் அவருக்கும் கொஞ்சமே. ஆனால் அதே செஸ்பாக்ஸின் பாட்டைத் தொடங்கி வைப்பவர் அவர்தான். கேட்டவர்கள் யாரும் அந்தத் தொடக்கத்தை மறக்கவில்லை.

ஒரு வெர்ஸ் போதும். ஆனால் அது அந்தப் பாட்டுக்கு வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். உங்கள் நான்கு பேரில் யார் குரல் யாருக்கு அடுத்து வந்தால் வித்தியாசம் தெரிகிறது என்று மட்டும் முதலில் பாருங்கள். ஒரே மாதிரி குரல் இரண்டு இருந்தால் அடுத்தடுத்து வைக்காதீர்கள்.

---

கரிசல் காற்று

காசு விஷயம் நான் சொல்கிறேன். இந்த ஆல்பத்தின் ஒப்பந்தம் அப்போது யாரும் போடாத மாதிரியானது. லவுட் ரெக்கார்ட்ஸ், ஆர்சிஏ விநியோகம். குழுவாக ஒன்பது பேரும் லவுடில். ஆனால் தனி ஆல்பத்துக்கு ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த கம்பெனிக்குப் போகலாம். பெரிய தொகை கேட்காமல் இந்தச் சுதந்திரத்தைக் கேட்டு வாங்கினார் ரிஸா. அவருக்கு ஏற்கனவே சூடு பட்டிருந்தது. 1991-இல் டாமி பாய் லேபிளில் பிரின்ஸ் ரக்கீம் என்ற பெயரில் பெண்களைக் கவரும் விளையாட்டுப் பாட்டுக்காரராக ஒரு ஈபி (சில பாட்டுகள் மட்டும் கொண்ட சிறு வெளியீடு) போட்டு, அது எடுபடாமல், கழற்றிவிடப்பட்டவர்.

பலன் என்ன ஆயிற்று பாருங்கள். 1994-இல் மெத்தட் மேன் டெஃப் ஜாமில். 1995-இல் ஓல் டர்ட்டி எலெக்ட்ராவில், ரேக்வான் லவுடிலேயே, ஜிஸா கெஃபனில். 1996-இல் கோஸ்ட்ஃபேஸ் எபிக்கில். ஒவ்வொரு கம்பெனியும் தன் ஆளுக்கு விளம்பரம் செய்யும்போது வூ-டாங்குக்கும் சேர்த்தே விளம்பரம் செய்தது. 1997 ஜூனில் இரண்டாவது குழு ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம். முதல் ஆல்பம் 41-ஐத் தாண்டியதில்லை.

---

மணிமாலை

தீப்பெட்டி, கரிசல் காற்று சொன்னது பாதிக் கதை, மீதியையும் தெரிந்துகொள்ளுங்கள். ரிஸா ஐந்து வருஷம் எல்லா முடிவையும் தன் கையில் கேட்டார், மற்றவர்கள் கொடுத்தார்கள். அந்த ஐந்து வருஷம் பிரமாதமாகப் போனது. அதற்குப் பிறகுதான் கசப்பு. 2007-இல் '8 டயக்ராம்ஸ்' என்ற குழு ஆல்பம் வந்தபோது ரேக்வான் வெளிப்படையாகவே ரிஸாவோடு மோதினார். 2016-இல் ராயல்டி பாக்கி என்று யூ-காட் நீதிமன்றம் போனார். யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவரிடம் எல்லாவற்றையும் கொடுக்கலாம், ஆனால் எதுவரை, எதற்கு, அதன்பின் எப்படி என்பதை எழுதி வைத்துக்கொண்டு கொடுக்க வேண்டும்.

---

ஸ்காபரோ வாசகன்

வேறொரு வழியும் இருக்கு. கம்பெனி ஃப்ளோ எண்ட குழு. எல்-பி, பிக் ஜஸ், மிஸ்டர் லென், மூண்டே மூண்டு பேர். 1997-ல ரோக்கஸ் லேபிளில 'ஃபன்க்ரஷர் பிளஸ்' போட்டவை. அண்டர்கிரவுண்ட் எண்டு நாங்கள் இண்டைக்குச் சொல்லுறதுக்கு அதுதான் அடையாளமான ஆல்பம். தங்களைக் கட்டிப்போடாத ஒப்பந்தம், லாபத்தில பாதி. வூ-டாங் பெரிய கம்பெனிகளுக்குள்ள பூந்து பிடிச்சவை, இவை வெளியிலயே நிண்டவை. மூண்டு பேர் எண்டால் அப்பிடி நிக்கலாம். ஐந்து பேருக்கு எது சரி வரும் எண்டு நீங்கள்தான் பாக்க வேணும்.

---

நீலக்குயில்82

இந்த இழையில் நான் எதிர்க்கட்சியாக வந்தேன், அந்த இடத்தை முழுசாக விடவும் இல்லை. ஆனால் தம்பிக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வூ-டாங் மாதிரி மிக்ஸ் வேண்டும் என்று கம்ப்யூட்டரில் கீறல் சத்தம் சேர்க்காதீர்கள். அவர்களுக்கு அந்தச் சத்தம் கருவியிலிருந்து வந்தது. உங்கள் அறையின் சத்தம் எதுவோ அதோடு விடுங்கள்.

---

ஒலிக்கூடம்

இதை நான் வழிமொழிகிறேன். பிளக்-இன் போட்டு அழுக்காக்கிய மிக்ஸ் வாரத்துக்கு நான்கு வருகிறது எனக்கு. முதல் வேலையே அதை எடுப்பதுதான்.

---

தீப்பெட்டி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து நைட்டு அஞ்சு பேரும் உக்காந்து இந்த இழையப் படிச்சோம். எட்டு பாட்டையும் மறுபடி போட்டு, யாருக்கு எந்தப் பாட்டுன்னு பேசினோம். ரெண்டு பாட்டுல நான் வெளிய வந்துட்டேன், அதுல ஒண்ணு இப்ப மூணே கால் நிமிஷம், அப்படியே நச்சுனு நிக்குது. ஒப்பந்தம் மாதிரி ஒரு பேப்பர் எழுதுறோம், பீட் போடுறவனுக்கு எவ்வளவு, எழுதுறவங்களுக்கு எவ்வளவுன்னு.

ஒரே ஒரு சந்தேகம். ஒரு பாட்டுக்கு எண்பதுகள்ல வந்த தமிழ் சினிமாப் பாட்டோட ஆரம்ப வயலின் நாலு விநாடி எடுத்து, திரும்பத் திரும்ப ஓடுற மாதிரி லூப் பண்ணியிருக்கோம். நாலு விநாடிதானே, பிரச்சினை வராதுன்னு ஒருத்தன் சொல்றான். வூ-டாங்லாம் இப்படித்தானே எடுத்தாங்க?

---

ஒலிக்கூடம்

இத்தனை விநாடி வரை இலவசம் என்று ஒரு கணக்கு உலவுகிறது, அதை நம்பாதீர்கள். அமெரிக்காவிலேயே 1991 டிசம்பரில் பிஸ் மார்க்கி என்ற ராப்பர் மீதான வழக்கில் நீதிபதி அனுமதியில்லாத சாம்பிளை நேரடியாகத் திருட்டு என்றே எழுதினார். வூ-டாங் ஆல்பம் அதற்குப் பிறகு வந்தது. அதன் பின் ராப் ஆல்பங்களில் சாம்பிள் எண்ணிக்கையே குறைந்தது, ஒரே சாம்பிளை வைத்துப் பாட்டு முழுக்க ஓட்டும் பழக்கம் கூடியது.

உங்கள் விஷயத்தில் இரண்டு உரிமைகள் உண்டு. அந்த ஒலிப்பதிவு ஒருவருடையது, பெரும்பாலும் ஆடியோ கம்பெனி. மெட்டு இன்னொருவருடையதாக இருக்கலாம். லூப் எடுத்தால் இரண்டு இடத்திலும் அனுமதி வேண்டும். அதே வயலினை நீங்களே ஆள் வைத்து வாசித்துப் பதிவு செய்தால் முதலாவது போய்விடும், மெட்டுக்கான அனுமதி அப்போதும் வேண்டும். கேட்காமல் யூடியூபில் ஏற்றினால் பாட்டு முடக்கப்படலாம், அல்லது வருமானம் முழுக்க அவர்களுக்குப் போகலாம்.

அந்த டிராக்கை மட்டும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். மற்ற ஏழின் ஸ்டெம் ஃபைல்களை (டிரம்ஸ், குரல் என்று பிரித்த ஒலிக்கோப்புகள்) தனிமடலில் அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டுச் சொல்கிறேன். குரல்களைத் தனித்தனி டிராக்காக அனுப்புங்கள், ரிவெர்ப் (எதிரொலி) எதுவும் போடாமல்.